கெளுத்திகளுக்குச் சோறு போட்டவர்

அவர் வீட்டு மாடிக்கு நான் குடிபோன அன்று, சாமான் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஒரு தூக்குவாளி நிறைய இட்லி வந்துவிட்டது. கூடவே சாம்பார், தக்காளிச் சட்னி, ஒரு சொம்பு வெந்நீர். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டே இலையை விரித்தார். வண்டிக்காரரும் சுமை தூக்க வந்த இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் என் பீரோ மாடி ஏறியது. காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த வண்டிக்காரர், கிளம்பும்போது கேட்காமலே கேஸ் சிலிண்டரை மாட்டிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

"பாத்தீங்களா, ஆளு கெட்டவரு இல்ல," என்றார் வீட்டுக்கார அம்மாள். "பசி. அம்புட்டுத்தான்."

அவரைப் பற்றி எங்கிருந்து எழுதத் தொடங்கினாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. உலகத்தில் நடக்கிற எல்லாக் கெடுதலுக்கும் அவரிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. திருடுகிறவன் பசியில் திருடுகிறான், கத்துகிறவன் பசியில் கத்துகிறான், கடிக்கிற நாய் பசியில் கடிக்கிறது. வயிறு நிறைந்தால் யாரும் யாரையும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனால் அதைவிடவும் இதைத்தான் அவர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

ஒத்தக்கடைக்குப் பின்னால், வயலாக இருந்து பிளாட்டாக மாறிய இடத்தில் எங்கள் தெரு இருந்தது. தெரு முடிகிற இடத்தில் கண்மாய்க் கரை. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவே அவரை சிஸ்டரம்மா என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். கீழ்வீட்டில் அவரும் அவருடைய வீட்டுக்காரரும் மட்டும். பிள்ளைகள் இல்லை. மாடியில் நான். மேலூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை எனக்கு. என் கணவருக்குத் திருப்பூரில் வேலை. சனிக்கிழமை வருவார், வந்த கையோடு சண்டையும் வரும்.

அப்படி ஒரு சனிக்கிழமை எங்கள் குரல் தெருவுக்கே கேட்டிருக்க வேண்டும். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் சிஸ்டரம்மா, கையில் ஆவி பறக்கும் ஆட்டுக்கால் பாயா. மெதுவாகப் பேசச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டையை நிறுத்த வேண்டாம், சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகப் போடுங்கள் என்று சொல்லிப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். சாப்பிட்டு முடித்தபோது எதற்காகச் சண்டை போட்டோம் என்பது இரண்டு பேருக்குமே சரியாக நினைவில் இல்லை. அந்த அம்மாள் சொல்வது சரியாகப் போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

தெருவில் ஒரு செவலை நாய் திரிந்தது. பால்காரரைத் துரத்தும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் பையைப் பிடித்து இழுக்கும். பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாம் என்று எல்லோரும் பேசியபோது சிஸ்டரம்மா குறுக்கே வந்தார். கருவாட்டுத் தலை பிசைந்த சோற்றைக் காலையும் மாலையும் கேட்டுக்கு வெளியே வைத்தார். கொஞ்ச நாளில் அந்த நாய் அவர் வாசலில் மல்லாந்து படுத்துக் காலாட்டிக்கொண்டிருந்தது. பால்காரரே அதைத் தாண்டிப் போனார்.

இப்படி ஒவ்வொன்றாக நடந்துகொண்டே இருந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நானும் பாதி நம்பினேன்.

மீதிப் பாதியைக் கெடுத்தது சார்தான். சார் என்றால் சிஸ்டரம்மாவின் வீட்டுக்காரர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உயரமான, மெல்லிய குரல் கொண்ட மனிதர். பேப்பர் படிப்பார், ரேடியோ கேட்பார், தெருப்பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுப்பார். அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. பகல் ஒரு மணிக்கு அவர் மேசைக்கு வந்து உட்காரும் முன் தட்டில் சோறு இருக்க வேண்டும். இருக்கும். அவர் கை கழுவும் வரை சிஸ்டரம்மா சுவரோரம் நின்றுகொண்டே இருப்பார்.

ஒரு விடுமுறை நாளில் கீழ்வீட்டில் பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்துவிட்டது. வேகாத சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல், அந்த வயதில் படியேறி ஓடி வந்தார். என் அடுப்பில் பானையை ஏற்றிவிட்டு என் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சார் அவசரமாக எங்கேயும் போகிறாரா என்று கேட்டேன். இல்லை, தூங்குகிறார் என்றார். தூங்கிக்கொண்டிருக்கிற ஒருவருக்காக யாரும் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

அவருடைய இடது மணிக்கட்டு லேசாகக் கோணியிருக்கும். மழைநாளில் அதற்குத் துணி சுற்றிக்கொள்வார். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அதைப் பற்றிக் கேட்டுவிட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

"எனக்கு அடுத்த டூட்டிக்கு ஆள் வரல அன்னைக்கு. வீடு வந்து சேர நேரமாயிருச்சு. அவருக்குப் பசி தாங்காது, பாவம். கையப் பிடிச்சு முறுக்கிட்டாரு."

பாவம் என்றது தன்னை இல்லை, சாரை. அதற்கு முன்னாலும் சில தடவை அடி விழுந்திருக்கிறதாம். அதற்குப் பிறகு இவர் நேரத்தைப் பிடித்துக்கொண்டாராம். அதோடு எல்லாம் நின்றுவிட்டதாம். ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிய விதத்தைச் சொல்வதுபோல, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். எனக்கு சார் மேல் வந்த கோபத்தில் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ஆனால் கோபப்பட எனக்கு இடமே கொடுக்காமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருப்பதற்கு அவர் தேடிக் கண்டுபிடித்த வழி அந்தப் பசிதான் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அதன் பிறகு அவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி மீன் கதை. அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் வருவது அவர் முகம் இல்லை, தண்ணீருக்கு மேலே திறந்திருக்கும் அந்த வாய்கள்தான்.

கண்மாயின் மறுகரையில் வேலி போட்ட ஒரு குட்டை இருந்தது. அதில் யாரோ ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்த்தார்கள். கறுப்பு மீன், தட்டையான தலை, வாயைச் சுற்றி நீளமான மீசை. சேற்றில் கிடந்தும் பிழைக்கும், தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் குடிக்கும். கோழிக்கடைக் கழிவைக் கொட்டினால் போதும், மளமளவென்று வளரும். இது வளர்க்கக் கூடாத மீன், அழித்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வளர்த்தவர் கதவைப் பூட்டிவிட்டு ஆளே காணாமல் போய்விட்டார். குட்டையில் இரை போட யாரும் இல்லை.

சாயங்கால நடையில் வேலி வழியாக அதைப் பார்த்தோம். பெரியது சின்னதை வாலிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்க முடியாமல் பாதி வெளியே தொங்க, அப்படியே நீந்தியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிஸ்டரம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூடப் பொறந்ததையே திங்குது பாருங்க டீச்சர்," என்றார். "பசி எம்புட்டுக் கொடுமை."

மறுநாள் காலை இரண்டு வாளியோடு போய்விட்டார். சாவியோடு அங்கே காவலுக்கு விடப்பட்டிருந்தவருக்கு ஏற்கனவே இவர் கைச் சோறு பழக்கம், கதவைத் திறந்துவிட்டார். விரல் நீளக் குஞ்சுகளாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்து, கண்மாய் மடைப் படியில் நின்று தண்ணீரில் விட்டதை என் மாடியிலிருந்து பார்த்தேன். விட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வதுபோலக் கண்ணை மூடி நின்றார். பிறகு முந்தானையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து வீசினார்.

அடுத்த மழையில் அந்தக் குட்டையே உடைத்துக்கொண்டு கண்மாயில் கலந்தது. இவர் விடாமல் இருந்திருந்தாலும் அந்த மீன் வந்திருக்கும். பின்னால் இதை அவரிடம் நானே எடுத்துச் சொன்னேன். அதனால் அவருக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

தினமும் சாயங்காலம் மடைப் படிக்குச் சோறு போயிற்று. மிச்சமான சப்பாத்தி, காலை இட்லி, வடித்த சோறு. முதலில் விளையாட்டாக இருந்தது. நானும் கூடப் போவேன். அவர் நிழல் தண்ணீரில் விழுந்ததும் மீசைகள் மேலே வரும். பிறகு வாய்கள். ஒரு மழைக்காலம் தாண்டியதும் அவை கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. ஒன்றன் மேல் ஒன்று ஏறி, வாயைத் திறந்து காத்திருக்கும். அவை காற்றை விழுங்குகிற சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது மாதிரி கேட்கும். எனக்குப் பிடிக்காமல் போயிற்று. சிஸ்டரம்மா பிள்ளைகளா, பிள்ளைகளா என்று பேசிக்கொண்டே போடுவார்.

கண்மாயில் ஒவ்வொன்றாக இல்லாமல் போனது எனக்கு உடனே தெரியவில்லை. அயிரை என்கிற பொடிமீன் கொண்டுவருகிற அக்கா ஒருவர் உண்டு. கரையோரத் தண்ணீரில் சேலைத் துணியை விரித்து அரித்து, துள்ளத் துள்ள வாளியில் கொண்டுவருவார். அவர் வருவது குறைந்து, ஒருநாள் வாளி காலியாக வந்து, அதோடு வராமலே போய்விட்டார். படியில் ஒட்டியிருக்கும் நத்தைகள் போயின. மழைக்காலம் வந்தது. முன்பெல்லாம் நல்ல மழை பெய்து நின்ற சாயங்காலத்தில் கண்மாய்ப் பக்கமிருந்து வரும் தவளைச் சத்தத்தில் போனில் பேச முடியாது. அந்த வருஷம் மழை நின்ற பிறகு மொட்டை மாடியில் நின்று கேட்டேன். தண்ணீர் சொட்டுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அவ்வளவு பெரிய கண்மாய் வாயை மூடிக்கொண்டு கிடந்தது எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் முக்குளிப்பான். புறாவைவிடச் சின்ன நீர்ப்பறவை. மூழ்கி மூழ்கி எழும். ஒரு ஜோடி குஞ்சு பொரித்திருந்தது. தாயின் பின்னால் குஞ்சுகள் வரிசையாக வருவதை நானும் சிஸ்டரம்மாவும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சோறு போட்டு முடித்திருந்த நேரம். கடைசிக் குஞ்சுக்குக் கீழே தண்ணீர் லேசாக வீங்கியது. குஞ்சு இல்லை. தாய் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டது. மறுபடியும் தண்ணீர் வீங்கியது.

சிஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற மாதிரிப் பிடித்தார்.

"பத்தல," என்றார். "நான் போடுற சோறு பத்தல."

அன்றிலிருந்து அவர் சமையல் வேறு விதமாக மாறியது. கொல்லையில் கல் கூட்டி அண்டா ஏறியது. ரேஷன் அரிசியை வடித்து, எலுமிச்சை பிழிந்து, மஞ்சளும் எண்ணெயும் ஊற்றி, பிடி பிடியாக நிலக்கடலை வறுத்துப் போட்டுக் கிளறினார். வெறும் சோறு சீக்கிரம் செரித்துவிடும், எண்ணெயும் கடலையும் இருந்தால் வயிறு விடியும் வரை தாங்கும் என்று கணக்குச் சொன்னார். அவை வயிறு நிறைந்து கிடந்தால் குஞ்சுகள் தப்பிக்கும். அதற்காகத்தான் அந்த வெயிலில், அந்தப் புகையில், கோணிய கையோடு துடுப்புப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். யாருக்கு இம்புட்டுச் சோறு என்று சார் ஒருமுறை கேட்டார். பிள்ளைகளுக்கு என்றார். சார் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

எங்கள் பள்ளியில் விலங்கியல் சொல்லித்தரும் சார் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவர், வழக்கம்போலக் கீழ்வீட்டுச் சாப்பாட்டில் மாட்டிக்கொண்டார். பேச்சு மீனுக்கு வந்தது. அவர் பக்குவமாகத்தான் சொன்னார். இந்த ஜாதி மீன் வயிற்றைப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. மீசையில் எது பட்டாலும் வாய் திறந்துவிடும். நீங்கள் போடப் போட அது பெருக்கும், பெருத்து முட்டை போடும், அவ்வளவுதான் நடக்கும். சிஸ்டரம்மா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"நீங்க படிச்சவங்க சார். நான் வார்டுல பசியப் பாத்தவ," என்றார். "வயிறு நெறஞ்ச ஜீவன் எதுக்கு இன்னொண்ணக் கடிக்கணும்? ஒரு காரணம் வேணாமா?"

சொல்லும்போது அவர் கண் ஒரு கணம் பின்கட்டுக்குப் போய் வந்தது. அங்கே அவருடைய வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்து எழுந்துகொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன். சிஸ்டரம்மா கேட்டது மீனைப் பற்றி இல்லை. பசியில்லாமலும் கடிக்கிற ஒரு ஜீவன் உலகத்தில் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டால், தன் கையை உடைத்தவரோடு வாழ்ந்த வாழ்க்கைக்கு அவரிடம் வேறு விளக்கமே இல்லை. விலங்கியல் சாரைக் காலால் தட்டி, பேச்சை மாற்றச் சொன்னேன்.

கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் கண்மாயை அழிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊரே கூடி மீன்பிடிக்கும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஆணும் பெண்ணுமாகத் தண்ணீரில் பாய்வார்கள். மூங்கில் கூடையை மீனின் மேல் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். ஊத்தா என்று அதற்குப் பெயர். பிடித்த மீனை விற்கக் கூடாது. அன்று ஊரில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. கரையில் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் கேட்டால் ஒன்று கிடைக்கும்.

முந்தைய நாள் சாயங்காலம் சிஸ்டரம்மா இரண்டு வாளி எலுமிச்சைச் சோறு கொண்டுபோய்க் கொட்டினார். நாளைக்குப் பிடிபடப் போகிறவை வயிறாரச் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்றார். கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

காலையில் துண்டு வீசியதும் எழுந்த கூச்சல் கொஞ்ச நேரத்திலேயே அடங்கிவிட்டது. எந்த ஊத்தாவில் கை விட்டாலும் கறுப்பு மீன்தான். விரால் இல்லை, கெண்டை இல்லை, உளுவை இல்லை. சேற்றில் நின்றுகொண்டே ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மாள் அயிரை எங்கே, அயிரை எங்கே என்று கரையோரமாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். வெறுப்பில் சிலர் மீனைத் தூக்கிக் கரையில் வீசினார்கள். அவை சாகவில்லை. பக்கத் துடுப்பை ஊன்றி, உடம்பை வளைத்து வளைத்து, சேற்றில் இழுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரைப் பார்த்துப் போயின.

சிஸ்டரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அவரைத் தெரிந்த ஒரு ஊர்க்காரர், தொடை பருமன் கெளுத்தி ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். நீங்கள் வளர்த்த பிள்ளை, வயிற்றைப் பாருங்கள் என்று சிரித்தார். வயிறு வெடித்துவிடும்போல இருந்தது. எம்புட்டுத் தின்றிருக்கிறது என்று காட்டுகிறேன் என்று அங்கேயே கத்தியால் கிழித்தார்.

உள்ளே மஞ்சள் கூழாகச் சோறு. அதில் முழுசு முழுசாக நிலக்கடலை. அதற்கு முன்னால், தொண்டைப் பக்கமாக, ஒரு முக்குளிப்பான் குஞ்சு. கால் இரண்டும் மடிந்திருந்தன. இறகுகூடக் கலையவில்லை.

"உங்க சோத்தையும் தின்னுட்டு, அதுக்கு மேல இதையும் முழுங்கியிருக்கும்மா," என்றார் அந்த ஊர்க்காரர்.

சிஸ்டரம்மா குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அருவருப்பே இல்லாமல், ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்க்கிற மாதிரி, விரலால் சோற்றைத் தள்ளிப் பார்த்தார், குஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"சோறு நேத்துது," என்றார். "குஞ்சு காலையிலது."

அவருக்கு விளங்கட்டும் என்று அந்த மனிதர் இன்னொன்றையும் கிழித்தார். அதிலும் கடலை. கடலையோடு நாலைந்து அயிரை. அந்தக் கண்மாயில் நான் கடைசியாகப் பார்த்த அயிரை அவைதான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகக் கொல்லைக்குப் போனார். அன்றோடு அண்டா கவிழ்ந்தது. சேற்றுக் குழிகளில் தப்பிய மீன்கள், மழை வந்து கண்மாய் நிறைந்ததும் பழையபடி சாயங்காலம் மடைக்கு வரத் தொடங்கின. யார் நிழல் விழுந்தாலும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. நான் அந்தப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் கணவரோடு திருப்பூருக்கே போய்விட்டேன். சிஸ்டரம்மாவைப் பிறகு பார்க்கவில்லை. பார்க்கப் போகத் தைரியம் வரவில்லை என்பதுதான் சரி. கண்மாய் அழித்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் என்னை விடவில்லை.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாடி ஏறி வந்தார். கையில் பாத்திரம் இல்லை. வெறுங்கையோடு அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் இங்கே இருந்துகொள்கிறேன் என்று சொல்லி, அடுப்படி ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கீழ்வீட்டுச் சமையலறைக் கதவும் கொல்லைக் குழாயும் தெரியும். சார் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன்.

"எல்லாம் ஆக்கி மூடி வச்சிருக்கு," என்றார். "எடுத்து வைக்கல."

அடுப்பை அணைத்தேன். போய் வாசல் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு வந்தேன். ஒரு மணி தாண்டியது. கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஏம்மா என்று சார் ஒருமுறை கூப்பிட்டார். சிஸ்டரம்மா அசையவில்லை. மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயப்படுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைச் சரியாகப் பார்த்த பிறகுதான் அது பயம் இல்லை என்று தெரிந்தது. சார் கத்த வேண்டும், தட்டை விட்டெறிய வேண்டும், படியேறி வந்து கதவை உதைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். அப்படி நடந்தால் பசிதான் காரணம் என்று ஆகி, எல்லாம் பழையபடி சரியாகிவிடும். அவருக்காக நானும் அதை வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேண்டுதலை நான் வேண்டியதில்லை.

சார் சமையலறைக்கு வந்தார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். தட்டை எடுத்துச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை மோருக்கும் போட்டுக்கொண்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். கொல்லைக்கு வந்து குழாயைத் திறந்து கையைக் கழுவி, உதறிவிட்டு, முருங்கை மரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

சிஸ்டரம்மா அந்தக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கைய முறுக்குன அன்னைக்கும் அவரு சாப்பிட்டிருந்தாரு டீச்சர்," என்றார் கடைசியில். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பக்கத்து வீட்டுல குடுத்து விட்டிருந்தாங்க. எச்சித் தட்டு அங்கதான் கெடந்துச்சு. இத்தன வருசமா அது எனக்கு நெனப்புக்கே வரல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழவில்லை. கோணிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னயப் பிடிச்ச கை ஈரமா இருந்துச்சு," என்றார். "கழுவிட்டு வந்துதான் ஒடச்சிருக்காரு."